விண்ணப்பமா, மனுவா, புகாரா, முறையீடா? சரியான சொல்லைத் தேர்ந்து எழுத முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நாங்கள் சிலர் மனு எழுதித் தர உட்காருவோம். காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள். எழுதப் பழக வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் எல்லாரும் இடறுகிற இடம் ஒன்றுதான். தாளை எடுத்ததும் மேலே 'விண்ணப்பம்' என்றோ 'புகார் மனு' என்றோ எழுதிவிடுகிறார்கள். விஷயத்தை அப்புறம்தான் யோசிக்கிறார்கள். சொல் தவறினால் தாள் போய்ச் சேரும் மேசையும் தவறும், ஓடத் தொடங்கும் கெடுவும் தவறும். அதனால் சொல்லைக் கடைசியில் முடிவு செய்யும்படி இந்த வரிசையை வைத்திருக்கிறேன்.

எல்லாப் படிகளுக்கும் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டையே தருகிறேன். ஒரு கிராமத்து ஊரணி. அதற்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஒருவர் வேலி போட்டிருக்கிறார். மீதி இடம் மண் மேவிக் கிடக்கிறது. செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிற பிரச்சினை இது.

1. எழுதுமுன் கையில் இருக்க வேண்டியவை

சர்வே எண், உட்பிரிவு எண், புல வரைபடம், அ-பதிவேட்டு (கிராமத்து நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) நகல். இடம் சம்பந்தப்பட்ட எதற்கும் இவை இல்லாமல் உட்காராதீர்கள். 'பெரியய்யா வீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாய்' என்பது ஊராருக்குப் புரியும். கோப்பைப் பார்க்கிற எழுத்தருக்குப் புரியாது.

வருவாய்க் கிராமத்தின் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் கூப்பிடும் ஊர்ப்பெயரும் வருவாய்க் கணக்கிலுள்ள பெயரும் பல இடங்களில் வேறு வேறு. அ-பதிவேட்டில் இருப்பதையே எழுதுங்கள்.

முன்பு ஏதாவது கொடுத்திருந்தால் அதன் மனு எண்ணும் தேதியும் வேண்டும். இது எவ்வளவு முக்கியம் என்பது 11-ஆம் படியில் தெரியும்.

பங்கு வீடாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. ஒரு வளவுக்கு இருபது முப்பது பங்குதாரர்கள் இருப்பது இங்கே சாதாரணம். பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். பெயர் மாற்றமோ வரியோ, ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் 'மற்ற பங்குதாரர்களின் சம்மதம் எங்கே?' என்று திரும்பி வரும். சம்மதக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு எழுத உட்காருங்கள்.

2. கேட்பதைப் பிரியுங்கள்

ஊரணி விஷயத்தில் ஊரார் கேட்பது இரண்டு. மண்ணை அள்ள வேண்டும். வேலியை எடுக்க வேண்டும். மண் அள்ளுவது ஊராட்சியின் வேலை. புறம்போக்கில் போட்ட வேலியை எடுப்பது 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்துச் செய்ய வேண்டியது, அது தாசில்தார் பக்கம் போகும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் அந்த அலுவலகம் தன்னுடையதல்லாத பாதியைக் காட்டி முழுத்தாளையும் இன்னோரிடத்துக்குத் தள்ளிவிடும்.

எனவே ஒரு தாளுக்கு ஒரு கேள்வி. புதிதாக எழுதுகிறவர்களுக்கு இது பிடிக்காது. எல்லாக் குறையையும் ஒரே மூச்சில் கொட்டினால்தான் கனம் என்று நினைப்பார்கள். ஆறு குறை எழுதிய தாளில், எளிதாகப் பதில் சொல்லக்கூடிய ஒன்றுக்குப் பதில் எழுதி முடித்துவிடுவார்கள்.

3. முடிவெடுப்பவர் யார்?

செட்டிநாடு என்பது நம் பேச்சில் ஒரு நாடு, அரசுக் கணக்கில் அப்படி ஒன்று இல்லை. கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம், ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம். ராயவரத்துக்காரர் ஒருவர் உறவினர் எழுதியதைப் பார்த்து சிவகங்கைக் கலெக்டருக்கு எழுதிக் கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானது. பக்கத்து ஊர்களில் ஒன்று பேரூராட்சி, ஒன்று ஊராட்சி என்று இருக்கும். முகவரி எழுதுமுன் எது என்று உறுதி செய்யுங்கள்.

இன்னொரு பழக்கம், எடுத்ததும் முதலமைச்சருக்கும் கலெக்டருக்கும் எழுதுவது. மேலே எழுதினால் சீக்கிரம் நடக்கும் என்பது நம்பிக்கை. அந்தத் தாள் படிப்படியாக இறங்கி, நீங்கள் முதலிலேயே போயிருக்க வேண்டிய அதே தாசில்தார் மேசைக்கோ வி.ஏ.ஓ.விடமோதான் வந்து சேரும். கீழே கேட்டு, பதில் வராமலோ மறுக்கப்பட்டோ இருந்தால் அதைக் காட்டி மேலே போங்கள்.

4. பதிலாக எந்த வினை வரும் என்று பாருங்கள்

பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவதில் முக்கியமானது இது. நம் மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதைப் பெறுகிறவர் என்ன செய்வார் என்பதற்கான வினை ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. விண்ணப்பத்தை ஏற்பார்கள், நிராகரிப்பார்கள். மனுவைப் பரிசீலிப்பார்கள், நீதிமன்றம் என்றால் தள்ளுபடி செய்யும். கோரிக்கையை நிறைவேற்றுவார்கள். வேண்டுகோளுக்கு இணங்குவார்கள். புகாரை விசாரிப்பார்கள். மேல்முறையீட்டில் உத்தரவை ரத்து செய்வார்கள் அல்லது உறுதி செய்வார்கள்.

எதிரில் இருப்பவர் எதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அந்த வினையை முதலில் எழுதுங்கள். 'விசாரிக்க வேண்டும்' என்றால் அது புகார். 'ரத்து செய்ய வேண்டும்' என்றால் மேல்முறையீடு. 'தர வேண்டும்' என்றால் விண்ணப்பம். பெயர்ச்சொல் தானாக வந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் ஒட்டும் உருபையும் பாருங்கள். விண்ணப்பம் ஒன்றுக்காக, ஒருவரிடம். புகார் ஒருவர் மீது. மேல்முறையீடு ஓர் உத்தரவை எதிர்த்து. உங்கள் விஷயத்தில் 'மீது' போட ஆள் இல்லை என்றால் பெரும்பாலும் அது புகார் ஆகாது. 'எதிர்த்து' போட உத்தரவு இல்லை என்றால் மேல்முறையீடு ஆகாது.

5. விண்ணப்பம், மனு

பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அலுவலகத்தில் வித்தியாசம் உண்டு.

விண்ணப்பம் என்றால் கேட்கும் பொருளுக்கு முன்பே ஒரு விதி இருக்கிறது, தகுதி இருக்கிறது, பெரும்பாலும் படிவமும் கட்டணமும் இருக்கிறது. பட்டா மாறுதல், வருமானச் சான்று, குடும்ப அட்டை, மின் இணைப்பு. இங்கே உங்கள் கஷ்டத்தை விவரிக்க வேண்டியதில்லை. தகுதி இருக்கிறதா, ஆவணம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். பட்டா மாறுதலுக்கு இரண்டு பக்கம் உருக்கமாக எழுதி, கிரயப் பத்திர நகலை வைக்காமல் வந்தவர்கள் நிறையப் பேர்.

மனு என்றால் படிவம் இல்லாத இடத்தில் நிலைமையை எடுத்துச் சொல்லி ஒரு முடிவைக் கேட்பது. இங்கே விவரம் வேண்டும்: என்ன நடந்தது, எப்போது, யாருக்குப் பாதிப்பு, என்ன செய்ய வேண்டும். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்து மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பது மனு. ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் நாட்களில், கொடுப்பதும் மனு. பசலி ஆண்டு (வருவாய்க் கணக்கு ஆண்டு) ஜூன் 30-இல் முடிவதால் அதை ஒட்டித்தான் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்கு அப்போது மேசைமேல் இருக்கும், நிலம் சம்பந்தப்பட்ட மனுவுக்கு நல்ல நேரம் அது.

நீதிமன்றத்துக்குப் போனால் மனு என்பது கலைச்சொல். ஜாமீன் மனு, ஆட்கொணர்வு மனு, பொதுநல மனு. அங்கே மனுவைக் 'கொடுப்பது' கிடையாது, 'தாக்கல் செய்வது'. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்துக்கும் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான்.

ஒரு எச்சரிக்கை. பேச்சில் 'பெட்டிஷன் போட்டுட்டான்' என்றால் யார் மேலோ குற்றம் சொல்லிவிட்டான் என்று பொருள். கையெழுத்தில்லாமல் போனால் 'மொட்டைப் பெட்டிஷன்'. ஊரணிக்கு மண் அள்ளக் கேட்கும் சாதாரண மனுவை 'பெட்டிஷன் போடப் போறோம்' என்று டீக்கடையில் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். 'மனு கொடுக்கிறோம்' என்று சொல்லுங்கள்.

ஊரணிக்கு: மண் அள்ளக் கேட்பது மனு. அதைக் கிராமசபையில் தீர்மானமாக்கிவிட்டால் இன்னும் நல்லது. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராமசபை இதற்குப் பொருத்தமான நாள். தீர்மான நகலை மனுவோடு இணைத்தால் அது ஒருவர் கேட்டதாக இருக்காது, ஊர் கேட்டதாகிவிடும்.

6. கோரிக்கை, வேண்டுகோள்

இரண்டையும் மாற்றிப் போட்டால் தொனி கெட்டுவிடும்.

கோரிக்கையில் 'இது எங்களுக்கு வர வேண்டியது' என்ற உரிமை இருக்கிறது. அதனால்தான் சங்கங்கள் 'கோரிக்கை வைக்கின்றன', ஒரு முறை கிடைக்காவிட்டால் திரும்பவும் வைக்கின்றன. வேண்டுகோளில் எதிராளிக்கு மறுக்கும் உரிமையை நாமே கொடுத்துவிடுகிறோம். கோயில் திருப்பணிக்கு நகரத்தார் புள்ளிகளுக்கு (திருமணமான குடும்பங்களுக்கு) அனுப்பும் கடிதத்தில் நன்கொடை பற்றி வருவது வேண்டுகோள். புள்ளி வரி வேறு. அது ஊர் கூடி விதித்தது, அதற்கு அறிவிப்புதான் போகும். வரிக்கு 'வேண்டுகோள்' என்று எழுதினால் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தமாகிவிடும். நன்கொடைக்குக் 'கோரிக்கை' என்று எழுதினால் படிக்கிறவருக்கு மனசு சுருங்கும்.

ஊரணிக்கு: வேலி போட்டவரிடம் முதலில் போக வேண்டியது வேண்டுகோள். ஊர்ப் பெரியவர்கள் இருவர் நேரில் போய் 'அண்ணே, மழைக்கு முன்னாடி வேலியை எடுத்துக்கொடுத்துடுங்க' என்று கேட்பது. அதை எழுத்தில் கொடுக்காதீர்கள். எழுதியதும் அது நோட்டீஸ் மாதிரித் தெரியும், பேச்சு நின்றுவிடும். எடுத்த எடுப்பில் புகார் எழுதி, அடுத்த தெருவுக்குள் பத்து வருஷம் பேச்சில்லாமல் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

7. புகார், முறையீடு

புகாருக்கு மூன்று வேண்டும்: செய்தவர், செய்த செயல், அது தவறு என்று சொல்லும் விதி. மூன்றில் ஒன்று குறைந்தால் அலுவலகத்தில் அது பெரும்பாலும் மனுவாகத்தான் நடத்தப்படும். 'தண்ணீர் வரவில்லை' என்பது குறை. 'சர்வே எண் இன்னதில் உள்ள புறம்போக்கு வரத்துக்காலில் இன்னார் வேலி போட்டுத் தண்ணீரைத் தடுத்திருக்கிறார்' என்பது புகார். புகாரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். 'அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்திருப்பார்' என்று ஊகத்தை எழுதினால், வேலியை விட்டுவிட்டு அந்த வரிக்கு ஆதாரம் கேட்பார்கள்.

காவல் நிலையத்தில் இந்த வேறுபாடு கையில் வரும் ரசீதிலேயே தெரியும். விசாரணைக்கு எடுத்துக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். (சமுதாயப் பணிப் பதிவேடு) ரசீது தருவார்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று பதிவானால் முதல் தகவல் அறிக்கை. 2024 ஜூலை 1 முதல் இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் வருகிறது. அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். சி.எஸ்.ஆர். வாங்கிவிட்டு 'கேஸ் போட்டாச்சு' என்று நிம்மதியாகிவிடாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல.

முறையீடு இன்னும் ஆழமான சொல். முறை என்றால் நியாயம். நியாயம் கெட்டுவிட்டது, நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும் என்று சொல்வது முறையீடு. கொல்லங்குடி வெட்டுடையார் காளியிடம் காசு வெட்டிப் போடுகிறவர்கள் வரம் கேட்டுப் போவதில்லை. எனக்கு அநியாயம் நடந்தது, நீ பார்த்துக்கொள் என்று சொல்லப் போகிறார்கள். அது முறையீடு. அதே காளியிடம் பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று கேட்டால் அது வேண்டுதல். கோயிலில் யாரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. தாளில் மட்டும் குழப்பிக்கொள்கிறோம்.

அலுவலகத்தில் முறையீடு எப்போது? நீங்கள் கேட்டு, கேட்டதற்குச் செவிசாய்க்காமல் விட்ட பிறகு. முதல் தாளிலேயே 'முறையிடுகிறேன்' என்று எழுதினால், இன்னும் யாரும் எதையும் மறுக்காத நிலையில் குற்றம் சாட்டுவது போலாகும்.

இலங்கை உறவினர்கள் 'முறைப்பாடு' என்று எழுதினால் அது நம் புகார்தான். அங்கே அதுதான் வழக்கம்.

8. மேல்முறையீடு, சீராய்வு

உத்தரவு ஒன்று வந்துவிட்டால் உங்கள் பழைய சொற்கள் எல்லாம் காலாவதியாகிவிடும். இதைப் புரிந்துகொள்ளாமல் நானே ஒரு குடும்பத்துக்குத் தவறு செய்திருக்கிறேன். பட்டா மாறுதல் நிராகரிக்கப்பட்டது. காரணத்தைச் சரியாகப் படிக்காமல், அதே விஷயத்துக்குப் புது விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதுவும் அதே காரணத்துக்காகத் திரும்பியது. பல மாதங்கள் வீணாயின. அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய அலைச்சல்.

முறை இதுதான். ஆவணக் குறைவால் நிராகரித்திருந்தால், குறையைத் தீர்த்துப் புது விண்ணப்பம். ஆவணம் எல்லாம் இருந்தும் தாசில்தார் வேறு முடிவெடுத்திருந்தால், அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு. 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி மேல்முறையீடு வருவாய்க் கோட்டாட்சியரிடம். காரைக்குடி வட்டத்தவருக்கு அது தேவகோட்டை. அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு.

மேல்முறையீட்டில் மூன்று கட்டாயம்: எதிர்க்கும் உத்தரவின் எண்ணும் தேதியும், அது உங்கள் கைக்கு வந்த தேதி, அதில் எந்த வரி எதனால் தவறு. மூன்றாவதை விட்டுவிட்டுப் பழைய கதையையே திரும்ப எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. மேலே இருப்பவர் பார்ப்பது கீழே நடந்த முடிவு சரியா என்பதை.

'சீராய்வு' என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மறுபடி பார்ப்பதையும் பத்திரிகைகள் சீராய்வு என்றே எழுதுகின்றன. வருவாய்த் துறையில் பார்ப்பவர் மேலதிகாரி. எந்தப் பிரிவின்கீழ் கொடுக்கிறீர்கள் என்று எழுதிவிட்டால் குழப்பம் வராது.

ஆட்சேபணை இதற்கு முந்திய நிலை. உத்தரவு வருமுன், 'இன்னார் பெயருக்கு மாற்றப்போகிறோம்' என்ற நிலையில் தடுத்துச் சொல்வது. கெடுவுக்குள் கொடுங்கள், சுருக்கமாகக் கொடுங்கள்.

9. தகவல் கேட்கும்போது

ஊரணி விஷயம் இழுபட்டால் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது 2005-ஆம் ஆண்டு தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ் மனு. தமிழ்நாட்டில் கட்டணம் 10 ரூபாய், கோர்ட் பீஸ் ஸ்டாம்பாகவே ஒட்டலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இங்கே நடக்கும் பிழை, புகாரைக் கேள்வி வடிவில் எழுதுவது. 'வேலியை ஏன் எடுக்கவில்லை?' என்று கேட்டால் அது தகவல் ஆகாது. 'மேற்படி சர்வே எண் ஆக்கிரமிப்பு குறித்து அனுப்பிய நோட்டீஸின் நகல், எனது இன்ன தேதியிட்ட மனுவின் மீதான கோப்புக் குறிப்புகளின் நகல்' என்று ஆவணமாகக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சட்டமே கேட்கவில்லை, நீங்களாக எழுதவும் வேண்டாம்.

பதில் வராவிட்டால், அந்தக் கெடு முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம். அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு.

கவனியுங்கள், இதே சட்டத்தில் 18-ஆம் பிரிவின்கீழ் 'புகார்' என்றும் ஒரு வழி இருக்கிறது. கோபத்தில் பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். 18-இன்கீழ் வந்த புகாரில் ஆணையம் அலுவலருக்குத் தண்டம் விதிக்கலாமே தவிர, தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. காகிதம் கைக்கு வர வேண்டும் என்றால் 19-ஆம் பிரிவின் மேல்முறையீடுதான் வழி. ஒரு சொல் மாறியதால் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போவதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

10. 'பொருள்' வரியும் கடைசி வரியும்

இப்போதுதான் தலைப்புச் சொல்லை எழுத வேண்டும். 'பொருள்:' வரியில் இடம், செயல், சொல் மூன்றும் வரட்டும்:

'பொருள்: இன்ன கிராமம், சர்வே எண் இன்னது, ஊரணி வரத்துக்காலில் மண் அகற்றக் கோரி மனு.'

முந்தைய தாள் இருந்தால் 'பார்வை:' வரியில் அதன் எண், தேதி.

கடைசி வரியில் 'ஆவன செய்யுமாறு', 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு' என்று முடிக்காதீர்கள். கேட்கப் பணிவாக இருக்கும். 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிட அதுவே வழி செய்துகொடுக்கும். ஆம், இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்னும்படி முடியுங்கள்:

'வடகிழக்குப் பருவமழைக்கு முன், மேற்படி வரத்துக்காலை அளந்து மண்ணை அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

வினையிலும் நிதானம் வேண்டும். மனுவுக்குக் 'கேட்டுக்கொள்கிறேன்' போதும். 'பாதம் பணிந்து' வேண்டாம். உரிமையுள்ளதைக் கேட்கும்போது அவ்வளவு குனிந்தால், படிக்கிறவருக்கு அது தயவு கேட்பதாகத்தான் படும்.

11. கொடுத்த பின்

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் தபால் பிரிவின் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். தபாலில் என்றால் ஒப்புகை அட்டையோடு. கூட்டத்தில் அதிகாரி கையிலேயே கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் மனு எண் வாங்காமல் வந்துவிடுகிறார்கள். எண் இல்லாத மனுவைப் பிறகு தேடவே முடியாது.

குறைதீர் மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, 30 நாளில் முடிவு என்று 2015-ஆம் ஆண்டின் அரசாணை 99 சொல்கிறது. முப்பது நாள் கழிந்தால் புது மனு எழுதாதீர்கள். எழுதினால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். பழைய எண்ணைப் பார்வையில் காட்டி 'நினைவூட்டல்' என்று எழுதுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால்தான் முறையீடு, மேலதிகாரியிடம், ஒப்புகை நகல்களோடு.

எங்கள் படிப்பகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டைக் கோப்பு வைத்திருக்கிறோம். மேல் அட்டையில் பென்சிலால் தேதி, மனு எண், கொடுத்தது எந்தச் சொல்லின்கீழ், அடுத்த கெடு எப்போது என்று எழுதிவைப்போம். வரும்போது பழைய தாள் ஒன்றையும் விடாமல் எடுத்து வாருங்கள், கசங்கியிருந்தாலும் சரி.